பேஸா, மிடா, டாப்பா? காம்பாக்ட் செடானில் வேரியண்டும் பராமரிப்பும்

உங்கள் கேள்வி இது: ஒரே காம்பாக்ட் செடானில் பேஸ், மிட், டாப் என்று மூன்று வேரியண்ட் பார்த்து வைத்திருக்கிறீர்கள். வாங்கினால் எட்டு, பத்து வருடம் வைத்து ஓட்டுவதாகத் திட்டம். அதே காரை வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் ஒருவர் "பேஸ் மாடலே போதும், செலவே வைக்காது" என்கிறார். இன்னொருவர் "டாப் எண்ட் எடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் வருத்தப்படுவீர்கள்" என்கிறார். மூன்றாமவர் டாப் எண்ட் வாங்கியவர்தான், ஆனால் டயருக்கும் விளக்குக்கும் செலவழித்தே அலுத்துப்போனதாகச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? பிற்பாடு விற்கும்போது என்ன விலை கிடைக்கும்?

மூன்று பேர் சொல்வதும் உண்மைதான். கார் பெயர் ஒன்றாக இருந்தாலும் அவர்கள் ஓட்டுவது மூன்று வேறு கார்கள். வேரியண்ட் என்றதும் திரை எத்தனை இன்ச், சீட் லெதரா துணியா, சன்ரூஃப் உண்டா என்பதுதான் கண்ணில் படுகிறது. நீண்ட காலம் வைத்திருப்பவரின் பணத்தையும் நிம்மதியையும் தீர்மானிப்பவை வேறு: இன்ஜின், கியர்பாக்ஸ், வீல் அளவு, பிரேக், அப்புறம் உடைந்தால் முழுதாகவே மாற்ற வேண்டிய பாகங்கள். என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் மிட் வேரியண்ட்தான் சரி. ஆனால் அதில் பாதுகாப்பு அம்சங்கள் குறையாமல் இருக்க வேண்டும், வீல் 16 இன்ச்சைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றால் கணக்கு மாறும்.

முதலில் இன்ஜின். அந்தக் காரை வைத்திருப்பவரிடம் "வண்டி எப்படி?" என்று கேட்பதற்கு முன்னால் "உங்களுடையது எந்த இன்ஜின்?" என்று கேளுங்கள். பத்தாம் தலைமுறை ஹோண்டா சிவிக் 2016 மாடலாக வந்தபோது, அமெரிக்காவில் கீழ் வேரியண்ட்களுக்கு டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) இல்லாத 2.0 லிட்டர் இன்ஜின், 158 குதிரைத்திறன். மேல் வேரியண்ட்களுக்கு 1.5 லிட்டர் டர்போ, 174 குதிரைத்திறன். டொயோட்டா கொரோலாவின் 2020 மாடலில் அதே நாட்டில் எல்இ வேரியண்டுக்கு 1.8 லிட்டர், எஸ்இ வேரியண்டுக்கு 2.0 லிட்டர். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எழுத்துதான். பானெட்டைத் திறந்தால் பராமரிப்பே வேறு.

அந்த 2.0 லிட்டர் சிவிக் இன்ஜினில் பெட்ரோல், வால்வுக்கு முன்னால் இருக்கும் காற்றுப் பாதையில் தெளிக்கப்படுகிறது. உள்ளே போகும் வழியிலேயே வால்வைக் கழுவிக்கொண்டு போவதால் கரி படிவது குறைவு. 1.5 டர்போவில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்கிறது. மைலேஜும் இழுவையும் கூடுகின்றன, ஆனால் வால்வைக் கழுவ எதுவும் இல்லை. ஆயில் ஆவி பட்டுப்பட்டு, வருடங்கள் போகப்போகக் கரி ஏறுகிறது. அதிகமானால் காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் துகளை அடித்துச் சுத்தம் செய்ய வேண்டிவரும். இதே டர்போ இன்ஜினில், குளிர்ப் பிரதேசங்களில் குறுகிய தூரமே ஓட்டியவர்களுக்கு ஆயிலில் பெட்ரோல் கலக்கும் பிரச்சினை வந்தது. ஹோண்டா அதற்கு மென்பொருள் திருத்தமும் வாரண்டி நீட்டிப்பும் கொடுத்தது. இன்ஜின் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால், சிலிண்டர் சுவரில் வழிந்த பெட்ரோல் ஆயிலோடு சேர்ந்து, ஆவியாக வெளியேற நேரம் கிடைக்காமல் அங்கேயே தங்கிவிடுகிறது. அந்த 2.0 லிட்டர் கொரோலாவில் இரண்டு விதமாகவும் பெட்ரோலைத் தெளிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதனால் கரிப் பிரச்சினை அவ்வளவாக இல்லை.

டர்போ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தினமும் நெடுஞ்சாலையில் நல்ல தூரம் ஓட்டுபவருக்கு அது அருமையான இன்ஜின். வீட்டிலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டரில் அலுவலகம், திரும்ப வீடு என்று ஓட்டுபவருக்கு டர்போ இல்லாத சாதாரண இன்ஜின்தான் நல்ல துணை. மேல் வேரியண்டில்தான் டர்போ என்றால், உங்கள் தினசரித் தூரத்தை எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது வீல். என்னைக் கேட்டால், வேரியண்டைத் தேர்ந்தெடுக்க இதைவிட முக்கியமான விஷயம் இல்லை. ஷோரூமில் இதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. காம்பாக்ட் செடான்களில் வழக்கமாக வரும் டயர் அளவுகளைப் பாருங்கள். 15 இன்ச்சுக்கு 195/65, 16 இன்ச்சுக்கு 205/55, 17 இன்ச்சுக்கு 225/45, 18 இன்ச்சுக்கு 225/40. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. பெருக்கிப் பார்த்தால் பக்கச் சுவர் முறையே 127, 113, 101, 90 மில்லிமீட்டர். மொத்த டயரின் விட்டம் நான்கிலுமே ஏறக்குறைய 63 சென்டிமீட்டர்தான். வீல் பெரிதாகப் பெரிதாக ரப்பர் மெலிகிறது, அவ்வளவுதான் நடக்கிறது.

15 இன்ச்சுக்கும் 18 இன்ச்சுக்கும் இடையே குறையும் அந்த 37 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் பள்ளத்தில் விழும்போது முதல் அடியை வாங்குபவை. அது இல்லாவிட்டால் அடி அலாய் வீலுக்கும், அங்கிருந்து சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்ஷுக்கும், கடைசியில் உங்கள் முதுகுக்கும் போகிறது. கூர்மையான விளிம்புள்ள ஒரு பள்ளத்தில் வேகமாக இறங்கினால், மெல்லிய டயர் பள்ளத்தின் விளிம்புக்கும் அலாயின் விளிம்புக்கும் நடுவே நசுங்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்திருக்கும். சில நாட்கள் கழித்து டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு தெரியும். அதைப் பஞ்சர் போல ஒட்ட முடியாது, அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும். மூன்றாமவர் டயருக்குச் செலவழித்து அலுத்ததாகச் சொன்னாரே, அவரிடம் வீல் அளவைக் கேட்டுப் பாருங்கள்.

பெரிய வீலுக்கு நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. திருப்பங்களில் ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்கும், வண்டி குறைவாகச் சாயும், பார்க்கவும் கம்பீரம். வழவழப்பான சாலைகளில் மட்டும் ஓட்டுபவர், ஓட்டுவதையே ரசிப்பவர் தாராளமாக எடுக்கலாம். ஆனால் டயர் விலை கூடுதல், அந்த அளவு கிடைக்கும் கடைகள் குறைவு, சாலை இரைச்சல் அதிகம், மைலேஜும் கொஞ்சம் குறையும். அகலமான டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டாப் வேரியண்ட் பிடித்திருக்கிறது, வீல்தான் இடிக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. அதே இன்ஜினுள்ள கீழ் வேரியண்டுக்கு 16 இன்ச் வீலைக் கம்பெனியே கொடுத்து, இரண்டிலும் முன் பிரேக் டிஸ்க் அளவும் ஒன்றாக இருந்தால், அந்த வீல் டாப்பிலும் பொருந்தும். டிஸ்க் பெரிதாக இருந்தால், அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் வீலில் இடிக்கும், மாட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. டயர் வாங்கும்போது அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். 91வி என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரை செல்லத் தகுந்தது. கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த எண் வேண்டாம்.

ஸ்டெப்னியையும் பார்த்துவிடுங்கள். பேஸ் மாடலில் மற்ற நான்கைப் போலவே முழு அளவு வீல் டிக்கியில் இருக்கலாம். டாப்பில் அதற்குப் பதில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாத மெல்லிய வீலோ, வெறும் பஞ்சர் கிட்டோ இருக்கலாம். பக்கவாட்டில் கிழிந்த டயருக்குக் கிட் உதவாது.

பிரேக்கில் பேஸ் மாடலைக் குறைவாக நினைப்பவர்கள் அதிகம். பின்னால் டிரம் பிரேக் என்றதும் முகம் சுளிக்கிறார்கள். இந்த எடையுள்ள காரில் பிரேக் போடும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால் பெரும்பங்கு வேலையை முன் டிஸ்க்தான் செய்கிறது. பின் டிரம் மூடியே இருக்கும், தூசி குறைவாக ஏறும், உள்ளே உராயும் பிரேக் ஷூ பல வருடம் வரும். பின் டிஸ்க்கில் தொடர்ந்து வரும் தொல்லை ஒன்று உண்டு. கேலிப்பர், ரப்பர் உறை போட்ட இரண்டு உலோகக் கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். உறை கிழிந்து தண்ணீர் போனால் கிரீஸ் காய்ந்து அந்தக் கம்பி இறுகிவிடும். அப்போது டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேடைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் புதிதாகவும் மறுபக்கம் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்தும் இருக்கும். நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு வீல் மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அதுதான் அறிகுறி. வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பிகளைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய சிலிகான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். மேல் வேரியண்டில் பொத்தானை அழுத்தும் மின்சார ஹேண்ட்பிரேக் இருந்தால், பின் பேட் மாற்றும் முன் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அது தெரியாத மெக்கானிக் கேலிப்பர் பிஸ்டனை வலுக்கட்டாயமாகத் தள்ளினால் ஹேண்ட்பிரேக் மோட்டார் போய்விடும்.

இப்போது பட்டியலில் இருக்கும் அம்சங்களுக்கு வருவோம். பிறகு சேர்த்துக்கொள்ள முடிந்தது, முடியாதது என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். திரை, ரிவர்ஸ் கேமரா, சீட் கவர், ஸ்பீக்கர், அலாய் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் வெளியில் போட்டுக்கொள்ளலாம். பக்கவாட்டு ஏர்பேக், வண்டி வழுக்கும்போது தானாகக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், முன்னால் வரும் வண்டியைக் கவனித்துத் தானாகப் பிரேக் போடும் வசதி ஆகியவற்றைப் பிறகு சேர்க்க முடியாது. அதேபோல ஸ்டீயரிங்கை மேலும் கீழும் மட்டுமல்லாமல் முன்னும் பின்னும் இழுக்க முடிவது, டிரைவர் சீட்டின் உயரத்தை மாற்ற முடிவது, இடுப்புத் தாங்கல், பின்சீட்டில் நடுவில் உட்காருபவருக்கு மூன்று முனை பெல்ட்டும் தலைத் தாங்கலும். ஆறடி உயரமுள்ளவர் முன்பின் நகராத ஸ்டீயரிங்கோடு பத்து வருடம் ஓட்டினால் தோள்பட்டை வலிக்கத்தான் செய்யும். பேஸ் மாடல் இந்த வரிசையில்தான் அடிபடும், திரையில் அல்ல.

டாப் வேரியண்டின் மறைந்திருக்கும் செலவு, ஒரு சிறு விபத்துக்குப் பிறகுதான் தெரியவரும். ஹாலஜன் ஹெட்லைட்டில் பல்ப் போனால் பல்பை மாற்றிவிட்டுப் போகலாம். பல எல்இடி ஹெட்லைட்கள் சீல் செய்த முழுப் பெட்டியாக வருகின்றன. ஒரு பகுதி போனாலும் மொத்தமாக மாற்ற வேண்டும். இரவில் அவை தரும் வெளிச்சத்துக்காக நான் எல்இடியைத்தான் எடுப்பேன், ஆனால் இந்தச் செலவைத் தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது. தானியங்கிப் பிரேக்குக்கான கேமரா முன் கண்ணாடியின் உச்சியில் ஒட்டியிருக்கிறது. கல் பட்டுக் கண்ணாடி விரிந்து புதிது மாட்டினால் கேமராவை மறுபடி அளவுபடுத்த வேண்டும். அது ஒரு டிகிரி விலகினாலும் 50 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கும். கண்ணாடி மாற்றிய கடை அளவுபடுத்தாமல் அனுப்பினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். பின் பம்பருக்குள் பிளைண்ட் ஸ்பாட் ரேடார் (கண்ணாடியில் தெரியாத பக்கத்து வண்டியைக் கவனிப்பது) இருக்கும் வண்டியில், பம்பர் கீறலுக்குப் பட்டி தடவி பெயின்ட் அடிக்கும் முன் ரேடார் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். அதன் முன்னால் தடிமனான பட்டி வந்தால் அது சரியாகப் பார்க்காது.

சன்ரூஃப் தண்ணீர் விடாது என்று நம்ப வேண்டாம். அது வடிவமைப்பிலேயே கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டு, சுற்றியுள்ள வாய்க்காலில் பிடித்து, மூலைகளில் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறக்கிக் கீழே விடுகிறது. இலைத்துகளும் தூசியும் சேர்ந்து குழாய் அடைத்தால் தண்ணீர் கூரைத் துணியில் கறையாகவோ, கால் வைக்கும் கம்பளத்தின் அடியில் ஈரமாகவோ தெரியும். மழைக்காலத்துக்கு முன் சன்ரூஃபைத் திறந்து, முன் மூலை வாய்க்காலில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் வண்டிக்கு அடியில், முன்பக்கக் கதவு, வீல் பக்கமாகச் சொட்டினால் குழாய் நன்றாக இருக்கிறது. அடைப்பு இருந்தால் மெல்லிய நைலான் இழையை விட்டு எடுக்கலாம். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் அதன் இணைப்பிலிருந்து கழன்றுகொள்ளும், பிறகு கூரையையே இறக்க வேண்டியதுதான். வீட்டில் உயரமானவர்கள் இருந்தால், சன்ரூஃப் தலைக்கு மேல் சில சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும் என்பதையும் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

எந்த வேரியண்ட் எடுத்தாலும் பொதுவான பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது. வண்டியின் ஆயுள் அதில்தான் நிற்கிறது. ஓனர் மேனுவலில் சர்வீஸ் அட்டவணை பெரும்பாலும் இரண்டு விதமாக இருக்கும், சாதாரண ஓட்டத்துக்கு ஒன்று, கடின ஓட்டத்துக்கு ஒன்று. கடின ஓட்டம் என்றால் மலை ஏறுவது மட்டும் என்று நினைக்கிறோம். குறுகிய தூரம், நெரிசலில் நின்று நின்று போவது, தூசிச் சாலை, நிறுத்தியபடி இன்ஜினை ஓடவிடுவது எல்லாமே அதில் வரும். நகரத்தில் ஓட்டும் பெரும்பாலோர் அந்த இரண்டாவது அட்டவணைக்காரர்கள்தான். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றிருக்கும் ஆயிலை அப்படிப்பட்டவர்கள் 5,000 முதல் 7,500-க்குள் மாற்றிவிடுவது நல்லது. டர்போ என்றால் இதில் தளர்வே வேண்டாம். மேனுவல் சொல்லும் தடிமனில், 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தரக் குறியுள்ள ஆயிலாகப் பாருங்கள். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாயும் டர்போ இன்ஜின்களில் எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்வதையும் டைமிங் செயின் தேய்மானத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு உருவாக்கிய தரம் அது.

சிவிடி எனப்படும், படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் அடுத்த தலைவலி, அதுவும் தவிர்க்கக்கூடிய தலைவலி. "ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்று சொல்வதை நம்பி ஓட்டியவர்கள்தான் பிற்பாடு சிவிடியைத் திட்டுகிறார்கள். அதற்குள் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பெல்ட் ஓடுகிறது. கப்பி பெல்ட்டைப் பிடிக்கும் அழுத்தம் அந்த ஆயிலில்தான் வருகிறது, வழுக்காமல் பிடிக்கும் உராய்வும் அதில்தான், சூட்டைத் தணிப்பதும் அதுதான். ஆயில் கெட்டால் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் கப்பியில் கோடு விழும். கோடு விழுந்த கப்பி திரும்பி வராது. ஆகவே 60,000 கிலோமீட்டர் வாக்கில் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள், நெரிசல் ஓட்டம் என்றால் இன்னும் கொஞ்சம் முன்னால். கம்பெனி சொன்ன சிவிடி ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்ற விடாதீர்கள், சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் இதற்கு ஒத்துவராது. பல வண்டிகளில் அளவு பார்க்கக் குச்சியே இருக்காது. ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வந்ததும் கீழ்த் திருகைத் திறந்து வழிவதை வைத்துத்தான் அளவைச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யத் தெரியுமா என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் தர அளவு 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை நிறம் பார்த்து ஊற்றாதீர்கள், ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதிக் கலவைகள் விற்கின்றன. சிக்னலில் தானாக அணைந்து எரியும் இன்ஜினுள்ள வேரியண்டுக்கு அதற்கென்றே இஎஃப்பி, ஏஜிஎம் என்று தனி பேட்டரி உண்டு. விலை குறைவென்று சாதாரணப் பேட்டரியைப் போட்டால் சீக்கிரமே படுத்துவிடும். டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரை நீங்களே மாற்றிக்கொள்ளலாம், பெரும்பாலும் கருவிகூட வேண்டாம்.

வரிசையில் பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வேரியண்ட் இருந்தால் அதையும் ஓட்டிப் பாருங்கள். பலர் பேட்டரியை நினைத்துப் பயந்தே ஒதுக்குகிறார்கள். கொரோலா ஹைப்ரிட்டில் பெல்ட் சிவிடி கிடையாது, இரண்டு மோட்டார்களை இணைக்கும் கியர் தொகுதி மட்டும்தான். தனி ஸ்டார்டர் மோட்டாரோ ஆல்டர்னேட்டரோ இல்லை. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்வதால் பேட் வெகுநாள் வரும். அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்சீட்டின் பக்கம் இருக்கும் ஒரு சல்லடை வழியாகத்தான் போகிறது. அங்கே பையையோ போர்வையையோ வைத்து அடைத்துவிடாமல், சர்வீஸின்போது அந்தச் சிறு ஃபில்டரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

விற்கும் விலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டாப்புக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி பத்து வருடம் கழித்துத் திரும்பாது. அந்த வசதிகளை அனுபவிக்கத்தான் அந்தப் பணம் என்று நினைத்தால் மட்டும் கொடுங்கள்.

முடிவெடுக்கும் முன் மிட், டாப் இரண்டையும் ஒரே நாளில், ஒரே கரடுமுரடான சாலையில், பின்சீட்டில் வீட்டாரை உட்காரவைத்து ஓட்டுங்கள். இரண்டிலும் டயர் காற்று, டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள சீட்டில் சொல்லியிருக்கும் அளவில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடத்திலிருந்து இடத்துக்கு ஏற்றிவரும் புது வண்டிகளில் காற்று அதிகமாக இருப்பது உண்டு, அதை வைத்து வண்டியைத் தவறாக எடைபோடக் கூடாது. டெலிவரி எடுக்கும்போது டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களையும் படித்துவிடுங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஐந்து டயர்களையும் பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான்.